செய்தி சொல்கிற வேலை

சென்னைக் கடற்கரையிலிருந்து வரும் மின்ரயில் தாம்பரத்துக்கு முன்பாக நிற்கும் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர். அப்போது இது ஊருக்கு வெளியே இருந்த இடம். நல்ல காற்று, பக்கத்தில் குன்றுகள். 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகள் இந்த மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். சொந்தக்காரர்கள் ஒதுக்கியவர்கள் பலர் இதன் படுக்கைகளில்தான் கிடந்தார்கள். நாங்கள் இந்தப் பகுதிக்குக் குடிவந்து பதினாறு வருடம் ஆகிறது. "எங்கே இறங்கணும்?" என்று யாராவது கேட்டால் "சானடோரியம்" என்போம். நோயின் பெயரில் இருக்கும் ஊரில் குடியிருக்கிறோம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. 2021 மே மாதத்தின் இரண்டாவது வாரம் அதைத் தோன்ற வைத்தது.

மே 10 திங்கட்கிழமை தொடங்கி 16 ஞாயிற்றுக்கிழமை முடிய ஏழு நாட்கள். இரண்டாம் அலை உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாலையும் சுகாதாரத் துறையின் அன்றாட அறிக்கை வரும். முதலில் மாவட்டவாரியாக எண்கள். அப்புறம் இறந்தவர்கள். ஒரு மரணத்துக்கு ஒரு பத்தி, ஆங்கிலத்தில். வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், என்ன இணைநோய், எந்தத் தேதியில் எந்த மருத்துவமனையில் சேர்ந்தார், எத்தனை நாள் காய்ச்சல், எத்தனை மணிக்கு இறந்தார். பெயர் மட்டும் இருக்காது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க அப்படித்தான் எழுத முடியும் என்பது எனக்குப் புரியும். ஆனால் பெயர் இல்லாத பத்திகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். பத்தாவது பத்தியிலேயே எல்லோரும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள்.

அந்த வாரத்தில் நோயைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நோயின் செய்தி ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைந்தது, யார் கையில் ஏறி யார் கையில் இறங்கியது என்பதைத்தான் நான் எழுத விரும்புகிறேன். எங்கள் வீட்டில் என் கணவர் செய்தி பார்ப்பார். வங்கி வேலை, ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. வீட்டில் இருக்கும் நாளெல்லாம் தொலைக்காட்சி ஓடும். பார்த்து முடித்ததும் "நாடு எங்க போகுதுன்னே தெரியல" என்று எழுந்து போய்விடுவார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் பயம்தான். ஆனால் செய்தி அவரிடம் வந்து அவரோடு நின்றுவிடும். என்னிடம் வரும் செய்தி வேலையாக மாறும். எது உண்மை, எதை யாரிடம் சொல்லலாம், எப்போது சொல்லலாம், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, சொன்னபின் யாரை யார் பார்த்துக்கொள்வது. அரிசி களைவது, துணி மடிப்பது போல இதுவும் ஒரு வீட்டு வேலை. எந்தப் பட்டியலிலும் ஏறாத வேலை.

திங்கட்கிழமை முழு ஊரடங்கின் முதல் நாள். மளிகைக் கடைகள் பகல் 12 வரை. மூன்று நாளுக்கு முன்பு, மே 7 அன்றுதான் புதிய அரசு பதவியேற்றிருந்தது. முதல் நாள் ஆணைகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். 8ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. 10ஆம் தேதி பேருந்துகளே நின்றுவிட்டன. எங்கள் குடியிருப்பில் நான்கு வீடுகளுக்கு வேலைக்கு வரும் அக்கா காலையில் போன் செய்தார். "ரெண்டு நாள் டிக்கெட் எடுக்காம வந்தேன் மேடம். மூணாவது நாள் பஸ்ஸே இல்லாம போச்சு பாருங்க" என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சம்பளம் வருமா என்று நேராகக் கேட்கத் தயங்கி, "நாலு வீட்லயும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். அதுவும் நான் சொல்ல வேண்டிய செய்தி. நான்கு வீட்டுக்கும் போன் செய்தேன். நான்கிலும் எடுத்தது பெண்கள்தான். மூவர் அங்கேயே சரி என்றார்கள். ஒருவர் மட்டும் "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

அன்று மாலை அறிக்கையில் 28,978 பேருக்குத் தொற்று, 232 மரணம். பிளஸ் டூ படிக்கும் என் மகள் கேட்டது ஒன்றைத்தான். "எக்ஸாம் வைப்பாங்களா மாட்டாங்களாம்மா?" தேர்வைத் தள்ளிவைத்திருந்தார்கள், எப்போது என்று சொல்லவில்லை. ஒரே திரையில் எல்லோரும் வேறு வேறு செய்தியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அன்று இரவு எனக்கு மட்டுமான செய்தி வந்தது. மதுராந்தகம் பக்கத்து ஊரிலிருந்து என் சித்தி பேசினாள். அம்மாவின் கடைசித் தங்கை, 57 வயது. அங்கன்வாடி ஊழியர். மையம் பூட்டிக் கிடந்தாலும் வேலை பூட்டிக் கிடக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சத்துமாவை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதோடு, எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் இருமல் என்று கேட்டு எழுதித் தர வேண்டும். மூன்று நாளாக அவளுக்கே காய்ச்சல். சளி மாதிரி கொடுத்துவிட்டு வந்திருந்தாள், முடிவு வரவில்லை. "அக்காகிட்ட மட்டும் சொல்லாதடி. அவளுக்கு பிரஷர் ஏறிடும். அப்புறம் நீதான் லோல்படணும்" என்றாள். காய்ச்சலில் கிடந்தபடியே எனக்கு வேலை கூடாமல் பார்த்துக்கொண்டாள். என் அம்மாவுக்கு 70 வயது. அப்பா போனபிறகு எங்களோடுதான் இருக்கிறார். அந்த நிமிடத்திலிருந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு செய்திகள் ஓடத் தொடங்கின. ஒன்று தொலைக்காட்சியில். இன்னொன்று, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் பேசும் கைப்பேசியில்.

செவ்வாய்க்கிழமை சித்திக்குத் தொற்று உறுதியானது. கிராம சுகாதாரச் செவிலியர் வந்து விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தார். 91. மாலையில் 88. மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றார். சித்தி வர மறுத்தாள். மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தி அந்த மாவட்டம் முழுக்கப் பரவியிருந்தது. ஆக்சிஜன் குறைந்ததுதான் காரணம் என்று உறவினர்கள் சொன்னார்கள், அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்று அதிகாரிகள் சொன்னார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், ஒரு வாரம் கழித்து, வேறோர் ஊரில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் காலை அந்தச் செய்தி வாசற்படியில் நிறுத்தியது. "போனா வர மாட்டேன்" என்றாள். வீடு வீடாகப் போய் "ஆஸ்பத்திரிக்குப் போங்க, பயப்படாதீங்க" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

அவளைப் புறப்பட வைத்தது அவள் மருமகள். 26 வயது, கையில் நான்கு வயதுக் குழந்தை. அவள் செய்தியைத் திருப்பிப் போட்டாள். பயமுறுத்தும் செய்தியை விட்டுவிட்டு, அதே மருத்துவமனையிலிருந்து பிழைத்து வந்த தெருக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதிர்வீட்டுப் பெரியவர், பால்காரரின் மாமியார், ரேஷன் கடையில் எடை போடுகிறவர். பெயர்களைக் கேட்டபிறகுதான் சித்தி எழுந்தாள். எந்த அறிக்கையாலும் செய்ய முடியாததைத் தெரிந்த முகங்களின் பெயர் செய்தது.

படுக்கை தேடும் வேலை என்னிடம் வந்தது. 104 எண். சென்னையிலிருந்து இயங்கிய கட்டளை மையம். என் பழைய மாணவிகள் சிலர் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். எந்த மருத்துவமனையில் ஆக்சிஜன் படுக்கை இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் போன் செய்து, எத்தனை மணிக்கு விசாரித்தது என்பதையும் சேர்த்துப் பதிவிடுவார்கள். பத்து நிமிடம் பழையதானால் அந்தத் தகவல் செத்துவிடும். குழுவில் ஆண்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இரவு 2 மணிக்கும் பதில் வந்தது பெண்களிடமிருந்துதான். பிள்ளைகள் தூங்கியபிறகு உட்காருகிறோம் என்று ஒருத்தி சொன்னாள்.

புதன்கிழமை காலை 108 ஆம்புலன்ஸ் வந்தது. சித்தியும் மருமகளும் ஏறினார்கள். ஓர் அரசு மருத்துவமனையின் வாசலில் வண்டி நின்றது. படுக்கை காலியாகும்வரை வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன். முன்னால் ஐந்தாறு வண்டிகள். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அதே நேரத்தில், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை முன்னால் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நிற்பதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், யார் வீட்டுப் பிள்ளைங்களோ" என்றார். என் கையில் கைப்பேசி. அதே மாதிரி ஒரு வண்டிக்குள் அவர் தங்கை இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

பிற்பகலில் அம்மாவின் போன் அடித்தது. சித்தியேதான். வண்டிக்குள்ளிருந்து தன் அக்காவுக்குப் பேசினாள். மாங்காய் ஊறுகாய் போட்டாயா, மகள் படிக்கிறாளா, முட்டிவலி எப்படி இருக்கிறது. இரண்டு நிமிடம்கூட இருக்காது. இடையில் அம்மா, "ஏன்டி இப்படி மூச்சு வாங்குது?" என்றார். "இப்பதான் குடம் தூக்கிட்டு வந்தேன்க்கா" என்றாள் சித்தி. அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. "உடம்பைப் பார்த்துக்க" என்று வைத்துவிட்டார். இரவு 11 மணிக்குச் சித்திக்குப் படுக்கை கிடைத்தது. அன்றைய அறிக்கையில் தொற்று முதல்முறையாக 30,000ஐத் தாண்டியிருந்தது. 30,355 பேர், 293 மரணம்.

அன்று மே 12, உலகச் செவிலியர் நாள். காலையிலிருந்து வாழ்த்துப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. இரவில் வார்டு செவிலியர் ஒருவர் மருமகளை வெளியே அனுப்பும்போது எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு, "ராத்திரி நான் கூப்பிட்டா எடுத்துடும்மா. கூப்பிடலன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்" என்றாராம். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று இரவுகள் கழிந்தன. கைப்பேசி அடிக்காத ஒவ்வொரு மணிநேரமும் எங்களுக்கு நல்ல செய்தி.

வியாழக்கிழமை எனக்கு இணையவழி வகுப்பு. முதுகலை மாணவிகளுக்குத் தொல்காப்பியப் பொருளதிகாரம். நடத்த வேண்டிய பகுதி அறத்தொடு நிற்றல். தலைவியின் காதலை வீட்டுக்கு எப்படி வெளிப்படுத்துவது என்பதற்கு நம் அக மரபில் ஒரு வரிசை உண்டு. தலைவி தோழியிடம் சொல்வாள். தோழி செவிலியிடம் சொல்வாள். செவிலி நற்றாயிடம் சொல்வாள். நற்றாய்தான் தந்தைக்கும் தமையன்மாருக்கும் தெரிவிப்பாள். கடைசியாகத் தெரிந்துகொள்கிறவர்கள் ஆண்கள். இருபது வருடமாக இதைக் காதலின் இலக்கணமாகவே நடத்திவந்திருக்கிறேன். அன்று நடத்தும்போது வேறொன்றாகக் கேட்டது. வெளியே சொல்லமுடியாத ஒரு செய்தியை, கேட்கிறவர் தாங்கும் அளவுக்குப் பதப்படுத்தி, பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்கு நம் இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயரில் 'அறம்' என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறது. எங்கள் வரிசையும் அதேதான். வார்டு செவிலியர், சித்தியின் மருமகள், நான், கடைசியில் என் தாய். இங்கே சங்கிலி காதலைக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

புறத்திணையில் மரணத்துக்குத் துறைகள் இருக்கின்றன. காஞ்சித் திணையில் கணவனை இழந்தவள் புலம்புவதற்கு முதுபாலை, கைம்மை நோற்பதற்குத் தாபதநிலை, எஞ்சியிருப்போர் கலங்கி அழுவதற்குக் கையறுநிலை. அழுகிற பெண்ணுக்கு இடம் உண்டு. "செத்துப்போனார்" என்று முதலில் போய்ச் சொல்கிற பெண்ணுக்குத் துறை எதுவும் இல்லை. அவள் அழுவதற்கு முன் சொல்லி முடிக்க வேண்டும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியேறியபிறகு ஒரு பெயர் மட்டும் திரையில் நின்றது. திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். கேமரா அணைந்திருந்தது. "அம்மா, அசைன்மெண்ட்டுக்கு ரெண்டு நாள் டைம் வேணும்" என்றாள். தாராளமாக எடுத்துக்கொள், என்ன விஷயம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்பா முந்தாநாள் இறந்துட்டாருங்கம்மா." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "அம்மாவும் அட்மிட்டாகி இருக்காங்க. அவங்ககிட்ட இன்னும் சொல்லல. தினமும் அப்பா எப்படி இருக்காருன்னு போன்ல கேக்குறாங்க. இன்னிக்கு இட்லி சாப்பிட்டாருன்னு சொன்னேன்."

22 வயது. வீட்டில் பெரியப்பா, மாமா எல்லாரும் இருந்தார்கள். சுடுகாட்டுக் காரியத்தை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவிடம் பேசும் காரியம் மட்டும் இவளிடம் வந்துவிட்டது. "நீ பேசினாத்தான் நம்புவாங்க" என்று சொல்லிவிட்டார்களாம். தன் அப்பாவுக்காக அழ அவளுக்கு இடமில்லை. அழுதால் குரல் மாறும், குரல் மாறினால் அம்மா கண்டுபிடித்துவிடுவார். அரைமணிநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பெரும்பாலும் அவள் பேசாமலிருந்தாள், நான் காத்திருந்தேன். கடைசியில், "உங்ககிட்ட இப்படிச் சும்மா இருந்தது நல்லா இருந்துச்சுங்கம்மா" என்று வெளியேறினாள்.

வெள்ளிக்கிழமை சித்திக்கு ரெம்டெசிவிர் கிடைத்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே அந்த மருந்தை வழக்கமாகக் கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்திருந்தது. அதைப் படித்தும் இருந்தேன். ஆனால் படுக்கையில் கிடப்பது நம் ஆளாக இருக்கும்போது, கிடைக்காத மருந்துதான் காப்பாற்றும் மருந்தாகத் தெரிகிறது. அதுவரை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் நடந்த விற்பனை அந்த வாரக் கடைசியில் நேரு ஸ்டேடியத்துக்கு மாறியது. மருத்துவர் சீட்டு, பரிசோதனை முடிவு, ஆதார் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு சித்தியின் மகன் வரிசையில் நின்றான். அந்த வரிசைகளில் நின்றவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மகன்கள், கணவர்கள், தம்பிகள். வெயிலில் நாள் முழுக்க நின்றார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வரிசையில் நிற்பது கண்ணுக்குத் தெரியும் வேலை. ஊடகம் படமெடுக்கும் வேலை. "கிடைச்சுதா?" என்று அவனைக் கேட்டு, "வந்துடுச்சாம்" என்றோ "நாளைக்குத் தருவாங்களாம்" என்றோ பத்துப் பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்த மருமகளை யாரும் படமெடுக்கவில்லை. அவன் வெறுங்கையோடு திரும்பினான். "அக்கா, டோக்கன் முடிஞ்சிடுச்சு" என்று என்னிடம்தான் முதலில் சொன்னான். தன் மனைவியிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. அதையும் நான் சொன்னேன்.

அன்று காலையில் எங்கள் தெருவுக்குக் காய்ச்சல் கணக்கெடுக்க வரும் பெண்ணிடம் கொஞ்சம் நின்று பேசினேன். தினமும் வருகிறவள்தான். முகத்துக்கு இரண்டு முகக்கவசம், கையில் வெப்பமானி, கக்கத்தில் நீள நோட்டு. கேட்டைத் திறக்காமலேயே "யாருக்கும் ஒண்ணுமில்ல, போம்மா" என்று விரட்டும் வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. தண்ணீர் கொடுத்தேன். தூரத்தில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லைன்னு சொல்றவங்க வீட்லதான் மேடம் உள்ளேருந்து இருமல் சத்தம் கேக்கும்" என்றாள். அவளைப் பார்த்தபோது சித்தி எப்படி வீடுவீடாகப் போயிருப்பாள் என்று முதல்முறையாகக் கண்ணால் கண்டேன்.

சனிக்கிழமை விடிகாலை 4:20க்கு என் கைப்பேசி அடித்தது. மருமகளின் எண். நான் எடுத்ததும் அவள் சொன்னது, "அண்ணி, அந்த நர்ஸக்கா கூப்பிட்டுட்டாங்க."

அவ்வளவுதான். இறந்துவிட்டார் என்ற சொல்லை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. பாதுகாப்பு உறையில் சுற்றி நேராகச் சுடுகாடு. நான்கு பேர் போனார்கள், எல்லாம் ஆண்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வழக்கமாக அந்தத் தடைக்கு ஓர் ஈடு இருக்கும். உடல் வாசலை விட்டுப் போகும்வரை வீடு பெண்களுடையது. கட்டியணைத்து ஒப்பாரி வைப்பார்கள். செத்தவளின் கதையை முழுதாகச் சொல்லி முடித்துத்தான் அனுப்புவார்கள். அவள் பட்ட கடன், வாங்கிய அடி, வளர்த்த மாடு, ஆசைப்பட்டு வாங்காமல் போன நகை எல்லாம் ஒப்பாரியில் வரும். ஏடறியாத பெண்கள் எழுதிய வாழ்க்கை வரலாறு அது. கொரோனா எங்கள் வீடுகளில் அந்த ஒரு மணிநேரத்தைப் பிடுங்கிக்கொண்டது. சுடுகாடு ஆண்களுக்கு அப்படியே இருந்தது. வாசல் பெண்களுக்கு இல்லாமல் போனது.

அம்மாவிடம் சொல்ல வேண்டும். காலை மாத்திரை போட்டு, இட்லி சாப்பிட்டு, காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார். "எத்தனை மணிக்கு?"

சொன்னேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்திருந்தார். "குடம் தூக்கினாளாம். அவ வீட்டுக்குக் குழாய் வந்து எட்டு வருஷம் ஆச்சு" என்றார். புதன்கிழமையே அவருக்குப் புரிந்திருக்கிறது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதையெல்லாம் கவனித்தபடி, எனக்குப் பாரம் கூடக் கூடாது என்று கேட்காமல் இருந்திருக்கிறார். தங்கை அக்காவிடம் மறைத்தாள். அக்கா மகளிடம் மறைத்தார். ஒரே செய்தியை மூன்று பெண்கள் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு ஒரே வாரத்தைக் கடந்திருக்கிறோம்.

பிறகு அம்மா, "அந்தப் பொண்ணுக்குப் போனைப் போடு" என்றார். மருமகளை அழைத்துக் கொடுத்தேன். ஒலிபெருக்கியில் போடச் சொன்னார். அந்தப் பக்கம் சித்தியின் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பெண்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்களாம். அம்மா மெதுவாக ஆரம்பித்தார். மேல்வீடு கீழ்வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று அடக்கிய குரலில் ஒப்பாரி. சித்தி பிறந்தபோது தான் தூக்கி வளர்த்தது, அவள் பள்ளிக்கூடம் போக ஊர் எதிர்த்தது, புருஷன் போனபிறகு அங்கன்வாடி வேலைக்கு வெள்ளைத்தாளில் மனு எழுதியது, ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அவள் ஊட்டிய சோற்றில் வளர்ந்தது. அந்தப் பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். போனில் ஒரு நொடி தாமதமாகக் குரல்கள் வந்தன. நடுவில் தொடர்பு அறுந்தது. மறுபடி போட்டோம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். என் மகள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னப் பாட்டியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முக்கால் மணிநேரத்தில் தெரிந்ததுதான். கணவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்து வாசலைச் சாத்தினார். அப்புறம் அடுப்பில் பாலை வைத்தார்.

அன்று மாலை அறிக்கையில் மரணம் 300ஐத் தாண்டி 303 ஆனது. 33,658 பேருக்குத் தொற்று.

ஞாயிற்றுக்கிழமை இரவு அறிக்கையைத் திறந்து சித்தியைத் தேடினேன். இறந்த அன்றே பட்டியலில் வருவதில்லை, ஓரிரு நாள் தள்ளி வரலாம். செங்கல்பட்டு மாவட்டம், பெண், 57 வயது, நீரிழிவு. அதே வயதில், அதே மாவட்டத்தில் இரண்டு பத்திகள் இருந்தன. இரண்டிலும் காய்ச்சல், மூச்சுத்திணறல். இரண்டிலும் கோவிட் நிமோனியா. மருத்துவமனையின் பெயரையும் நேரத்தையும் வைத்துப் பார்த்தால் ஒன்று சித்தியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எது அவள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு வருடமாக ஊரின் காய்ச்சலையெல்லாம் எழுதிக் கொடுத்தவள், அந்தக் கணக்குக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். இணைநோயை எழுத அந்தப் பத்தியில் இடம் இருந்தது. தொழிலை எழுத இடம் இல்லை. அவளுக்கு எங்கிருந்து தொற்றியிருக்கும் என்பதற்கான விடை, விடுபட்ட அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

மறுநாள், 17ஆம் தேதி இரவு, கி. ராஜநாராயணன் புதுச்சேரியில் வயது மூப்பால் காலமானார். அரசு மரியாதையோடு இடைசெவலில் அடக்கம் நடந்தது. ஒரு தமிழ் எழுத்தாளருக்கு அரசு தந்த அந்த மரியாதையில் எங்கள் துறையே நெகிழ்ந்துபோயிருந்தது. நாட்டுப்புறப் பெண்களின் வாய்ச்சொல்லை ஏட்டில் ஏற்றியவருக்கு அது தகும். நானும் அழுதேன். பெயரும் ஊரும் எழுத்தும் தெரிந்த ஒருவருக்காக அழும்போது அழுகை எவ்வளவு எளிதாக வருகிறது என்பதையும் அன்று கவனித்தேன்.

மே 21 அன்று தமிழ்நாட்டில் தொற்று 36,184 என்ற உச்சத்தைத் தொட்டு இறங்கியது. செப்டம்பர் 1 அன்று கல்லூரி திறந்தது. முதல் வாரம் பாடம் நடத்தவில்லை. நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு வாங்கி, பக்கத்துக்கு நான்கு கட்டம் போட்டு வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். விருப்பமுள்ளவர்கள் மட்டும் எழுதலாம். முதல் கட்டத்தில் உங்கள் வீட்டில் இறந்தவரின் பெயர். இரண்டாவதில் அவர் செய்த வேலை. மூன்றாவதில் அவரைப் பற்றி ஒரு வரி. நான்காவதில், அந்தச் செய்தியை உங்கள் வீட்டில் யார் யாரிடம் சொன்னார்கள்.

முதல் வரியை நானே எழுதினேன். மகள் தேர்வு எழுதாமலே பாஸானதை வீட்டுக்குச் சொன்னதுபோல் சாதாரணமாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். சித்தியின் பெயரை எழுதவே நேரமாயிற்று. நோட்டு இரண்டு நாளில் திரும்பி வந்தது. நான்காவது கட்டத்தில் அம்மா, அக்கா, பெரியம்மா, அத்தை, அண்ணி என்ற சொற்கள் மாறி மாறி இருந்தன. இரண்டு இடத்தில் அப்பா. ஓரிடத்தில் பக்கத்துவீட்டு நர்ஸ். திருவண்ணாமலைப் பெண் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாள். அப்பாவின் பெயர். வேலை: நெல் அறுப்பு இயந்திரம் ஓட்டுவது. ஒரு வரி: இட்லி பிடிக்காது, எப்போதும் தோசைதான். நான்காவது கட்டத்தில்: "நான், அம்மாவிடம். பதினொரு நாள் கழித்து."

அந்த நோட்டு எங்கள் துறை அலமாரியில், தொல்காப்பிய உரைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கட்டங்கள் இன்னும் மீதமிருக்கின்றன.